வான்கூவர் சொல்லும் கதை, சொல்லாத கதை

கனடாவின் மேற்குக் கரையில் இருக்கும் வான்கூவர் நகரம் எப்படித் தோன்றியது? அந்நகரத்தாரைக் கேட்டால், பலரும் ஒரு விஸ்கி பீப்பாயில் இருந்துதான் கதையைத் தொடங்குவார்கள்.

1867-ஆம் ஆண்டு ஜான் டெய்ட்டன் என்ற ஆங்கிலேயர் குடும்பத்தோடு படகில் வந்து அங்கே இறங்கினார். கையிருப்பு ஆறு டாலர், ஒரு பீப்பாய் விஸ்கி என்பார்கள். பக்கத்தில் மரம் அறுக்கும் ஆலை ஒன்று இருந்தது. ஆலை நிலத்தில் மது விற்க அனுமதியில்லை. "கடை கட்டிக் கொடுங்கள், வேண்டிய மட்டும் குடியுங்கள்" என்றாராம் டெய்ட்டன். 24 மணி நேரத்தில் கடை எழும்பிவிட்டதாம்! ஓயாமல் பேசுவார் என்பதால் அவருக்குக் 'கேஸி ஜாக்' என்று பட்டப்பெயர். கடையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பு 'கேஸ்டவுன்' ஆனது. 1886 ஏப்ரலில் அதுவே வான்கூவர் மாநகரம் ஆனது. அதே ஆண்டு ஜூன் 13-ஆம் தேதி மூண்ட தீ, ஒரு மணி நேரத்திற்குள் நகரத்தைச் சாம்பலாக்கியது. மக்கள் உடனே மீண்டும் கட்டி எழுப்பினார்கள்.

கேட்கச் சுவையான கதைதான். 1970-இல் பீப்பாய் மேல் நிற்கும் ஜாக்கின் சிலையும் வந்தது. சுற்றுப்பயணிகள் அங்கே விரும்பிப் படமெடுக்கும் நீராவிக் கடிகாரம், பார்த்தால் நூறாண்டுப் பழமையாகத் தெரியும், செய்யப்பட்டது 1977-இல்!

ஆனால் அந்தக் கரை ஆளில்லாத காடாக இருக்கவில்லை. ஸ்குவாமிஷ், மஸ்க்வியம், ஸ்லேவாட்டூத் ஆகிய பூர்வகுடி மக்கள் காலங்காலமாக வாழ்ந்த மண் அது. ஜாக்கின் மனைவியே ஸ்குவாமிஷ் பெண்தான். அவர் இறந்த பிறகு ஜாக் மணந்தது அப்பெண்ணின் உறவினளான குவாஹேலியாவை. நாற்பது வயதை ஒட்டிய மணமகனுக்கு மணமகள் 12 வயதுச் சிறுமி!

இது பிற்காலத்தில் தோண்டி எடுத்த இரகசியம் அல்ல. நகரின் முதல் ஆவணக் காப்பாளரான மேஜர் மேத்யூஸ், முதியவர்களைத் தேடிப்போய்ப் பேசி, கேட்டதையெல்லாம் எழுதி வைத்தார். பூர்வகுடி முதியவர்களையும் அவர் விடவில்லை. மூதாட்டியாகிவிட்ட குவாஹேலியாவிடமும் பேசினார். ஏட்டில் எல்லாம் இருந்தது. கதை சொன்னவர்கள் பீப்பாயை எடுத்துக்கொண்டார்கள், சிறுமியை விட்டுவிட்டார்கள்.

ஜாக் 1875-இல் 44 வயதில் காலமானார். குவாஹேலியா 1948 வரை வாழ்ந்தார். இருந்தும் சிலை ஒருவருக்கு மட்டுமே அமைந்தது.

2022 பிப்ரவரி 14-ஆம் தேதி, காணாமற்போன, கொலையுண்ட பூர்வகுடிப் பெண்களின் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் பேரணி அவ்வழியே சென்றது. கூட்டத்தில் சிலர் கயிறு கட்டி இழுத்துச் சிலையைக் கீழே தள்ளினார்கள். சிலையை என்ன செய்வது என்று மாநகராட்சியும் ஸ்குவாமிஷ் மக்களும் அப்போதுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு முடியும்வரை பொறுத்திருக்கலாம் என்றவர்களும் உண்டு. ஐம்பது ஆண்டு பொறுத்தது போதாதா என்று கேட்டவர்களும் உண்டு.

சிலை போய்விட்டது. கேஸ்டவுன் என்ற பெயர் இன்னும் இருக்கிறது.