குரங்கு நமக்குத் தாத்தா அல்ல, பங்காளி

அமாவாசை, பௌர்ணமி வந்தால் சதுரகிரி மலை ஏறுவதற்குத் தாணிப்பாறை அடிவாரத்தில் கூட்டம் கூடிவிடும். பக்தர்கள் கையிலிருக்கும் பையைக் குறிவைத்து நாட்டுக்குரங்குகளும் வந்துவிடும். வன்னியம்பட்டியோ ராஜபாளையமோ, ஸ்ரீவில்லிபுத்தூர் மலையைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம் வருவது இயல்பு: “குரங்குலேருந்துதான் மனுசன் வந்தான்னா, இதெல்லாம் ஏன் இன்னும் குரங்காவே இருக்கு?”

இன்று உயிரோடிருக்கும் எந்தக் குரங்கிலிருந்தும் நாம் வரவில்லை என்பதே பதில். சிம்பன்சியும் நாமும் ஒரே பாட்டன் வழிவந்த பங்காளிகள். அந்தப் பாட்டன் சிம்பன்சியும் அல்ல, மனிதனும் அல்ல; ஆப்பிரிக்காவில் சுமார் 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மறைந்த ஒரு வாலில்லாக் குரங்கு. நம் மலையிலுள்ள நாட்டுக்குரங்கு, சிங்கவால் குரங்கு, கருமந்தி ஆகியவற்றின் கிளை அதற்கும் வெகு முன்பே, சுமார் இரண்டரை முதல் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன், தனியே பிரிந்துவிட்டது.

98.8 சதவீதம்: என்ன கணக்கு?

சிம்பன்சியின் மரபணுத்தொகை 2005இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. மனித டி.என்.ஏ.வோடு பொருத்திப் பார்க்க முடிந்த பகுதிகளில், எழுத்துக்கு எழுத்து 98.8 சதவீதம் ஒன்றே; வேறுபாடு 1.2 சதவீதம்தான். சதவீதம் சிறிது, ஆனால், 300 கோடி எழுத்துகளில் அது சுமார் மூன்றரைக் கோடி எழுத்து. இடையே சேர்ந்த, விடுபட்ட துண்டுகளையும் கணக்கில் எடுத்தால் வேறுபாடு இன்னும் கூடும்.

தழும்புகள் சொல்லும் சாட்சி

சதவீதத்தைவிட வலுவான சாட்சி குரோமோசோமில் இருக்கிறது. சிம்பன்சிக்கு 24 ஜோடி, நமக்கு 23. குரோமோசோமின் நுனிகளில் மட்டுமே நீளமாக வரவேண்டிய ‘டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி.’ என்ற எழுத்து வரிசை, நமது இரண்டாம் குரோமோசோமின் நடுவிலும் திரும்பத் திரும்ப வருகிறது. சிம்பன்சியிடம் இன்றும் தனித்தனியாக இருக்கும் இரண்டு குரோமோசோம்கள் நம் முன்னோரிடம் நுனியோடு நுனி ஒட்டிக்கொண்ட இடம் அது.

இன்னொரு சாட்சி வைட்டமின் சி. உடலிலேயே அதைத் தயாரிக்க உதவும் மரபணு நமக்குப் பழுதாகிவிட்டது. சிம்பன்சிக்கும் நாட்டுக்குரங்குக்கும் அதே மரபணு பழுது. ஆனால், நம்மிடமிருந்து வெகு காலம் முன்பே பிரிந்த தேவாங்கு குடும்பத்துக்கு அது இன்றும் வேலை செய்கிறது. பழுது எந்தக் கிளையில் நேர்ந்தது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

இந்தியாவில் கிடைத்த தாடை

இந்த ஆய்வில் இந்தியாவுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. இமாச்சலப் பிரதேசத்தின் ஹரித்தல்யங்கரில் 1932இல் கிடைத்த தாடைப் புதைபடிவத்துக்கு ‘ராமபிதிகஸ்’ என்று பெயரிட்டார்கள். ஒரு கோடி ஆண்டுக்கும் மேல் பழைமையான மனித மூதாதை அது என்று பல ஆண்டுகள் பாடநூல்களும் சொல்லின. 1967இல் வின்சென்ட் சாரிச், ஆலன் வில்சன் இருவரும் ரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதனும் சிம்பன்சியும் பிரிந்து சுமார் 50 லட்சம் ஆண்டுதான் ஆகிறது என்றார்கள். புதைபடிவ ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. பாகிஸ்தானில் கிடைத்த அதே வகையின் முக எலும்பு 1982இல் விவரிக்கப்பட்ட பிறகு, ராமபிதிகஸ் வகை ஒராங்உட்டானுக்கு நெருக்கமானது என்று புரிந்தது. எலும்புக்கும் ரத்தத்துக்கும் நடந்த வழக்கில் ரத்தம் வென்றது.

குரங்குகளோடு நமக்குள்ள இந்த உறவுக்கு ஒரு விலையும் உண்டு. உடலமைப்பு ஒத்திருப்பதால் நோயும் எளிதில் தாவும். சிம்பன்சியிடமிருந்து மனிதனுக்கு வந்ததுதான் எச்.ஐ.வி.-1. நம் காசநோய் குரங்குகளுக்குத் தொற்றும். மனிதரிடமிருந்து பரவிய சுவாசக் கிருமிகளால் ஆப்பிரிக்காவில் சிம்பன்சிகள் இறந்திருக்கின்றன. எனவே சதுரகிரி ஏறுகிறவர்கள் குரங்குக்குத் தின்பண்டம் நீட்ட வேண்டாம். கடித்துப்போட்ட மிச்சத்தை வழியில் வீச வேண்டாம். பங்காளிக்கு வேண்டியது காட்டிலேயே இருக்கிறது.