வலிக்கு ஒரு தலையணை

விடியுமுன் எழுந்து மரம் சீவி, பால் வாளி சுமக்கும் தோட்டத் தொழிலாளர் பலருக்கு இடுப்பு வலி நாள்பட்ட தொல்லையாகி விடுகிறது. உறக்கம் கெட்டால் வலி மேலும் கடுமையாகத் தோன்றும். எனவே, படுக்கும் முறை பற்றிச் சில கூற விரும்புகிறோம்.

ஒருக்களித்துப் படுப்போர் முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணையை வைத்துக்கொள்ளலாம். மேற்கால் முன்புறம் சரிந்து இடுப்பை முறுக்குவதை அது தடுக்கும். மல்லாந்து படுப்போர் முழங்கால்களுக்கு அடியில் வைத்தால் கீழ்முதுகின் இறுக்கம் தளரும். தலைக்கு வைப்பது கழுத்தை வளைக்காத உயரமாக இருத்தல் வேண்டும்.

நீங்கள் எடுக்கும் பாலிலிருந்தே ரப்பர் நுரைத் தலையணைகள் செய்யப்படுகின்றன. ஆயினும், விலை கொடுத்து அவற்றை வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. இலவம்பஞ்சுத் தலையணையோ, சுருட்டிய கைலியோ போதும். கட்டிதட்டிய பஞ்சை வெயிலில் காயவைத்து உதறிக்கொள்ளுங்கள்.

தலையணை வலியைத் தணிக்கலாம், நோயைத் தீர்க்காது. வலி வாரக்கணக்கில் நீடித்தால் அரசாங்கக் கிளினிக்கை நாடுங்கள். தேவையாயின், ஜார்ஜ் டவுனிலுள்ள பினாங்கு மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அங்கிருந்தே அனுப்பிவைப்பர். கால் வலுவிழந்தாலும், தொடையிடுக்கு மரத்துப்போனாலும், சிறுநீர் கட்டுப்படாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வேலைக்குப் பயந்து வலியை மறைக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.