எழுத்தாளர் வரும் ஞாயிறு

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நான் நடத்திய முதல் எழுத்தாளர் சந்திப்பை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. நவம்பர் மாதம், தேசிய நூலக வார விழா. அந்த எழுத்தாளர் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். மேடை, மைக் செட், பொன்னாடை எல்லாம் தயார். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று ஆறு பேர் பேசி முடித்தபோது மணி ஏழரை. அவருக்குக் கிடைத்தது கால் மணி நேரம். பேசிவிட்டு, “என் கதை ஏதாவது படிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். ஒரு கைகூட உயரவில்லை. அவருடைய சிறுகதைத் தொகுப்பு மூன்று பிரதிகள் எங்கள் அலமாரியிலேயே இருந்தன. மறுநாள் எடுத்துப் பார்த்தேன். மூன்றின் தேதிச் சீட்டிலும் ஒரு முத்திரைகூட விழுந்திருக்கவில்லை.

மன்னார்குடிப் பக்கத்துச் சின்ன ஊர் எங்களுடையது. 22 வருஷம் நூலகராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் வாசகர் வட்டத்து ஆளாக ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் இருப்பேன். அந்த வெற்றுத் தேதிச் சீட்டு எனக்கு ஒன்றைக் கற்றுத் தந்தது: எழுத்தாளர் வருவதற்கு முன்னால் அவருடைய எழுத்து ஊருக்குள் போயிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு இப்படித்தான் செய்தோம். ஆள் முடிவானதும் ஒரு மாதம் முன்பே அவருடைய ஒரே ஒரு கதையைத் தேர்ந்தெடுப்போம். தொகுப்பு முழுவதையும் படிக்கச் சொன்னால் யாரும் படிப்பதில்லை. ஒரு கதை என்றால் டீக்கடை பெஞ்சில்கூட முடித்துவிடலாம். பக்கத்துக் கிளைகளில் இருக்கும் பிரதிகளைக் கேட்டு வாங்கி, “படித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவும்” என்று அட்டையில் சீட்டு ஒட்டி அனுப்புவோம். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காகப் புதன்கிழமை சாயங்காலம் நானே வாசித்துக் காட்டுவேன். எழுத்தாளர் வரும் நாளில் மேடை கிடையாது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, அவரையும் நடுவே ஒருவராக உட்கார வைப்போம். முதல் அரை மணி வாசகர்கள் பேச, அவர் கேட்பார். வரவேற்புரை இரண்டு நிமிஷம். சுண்டலும் டீயும் வட்டத்தின் செலவு.

மளிகைக்கடைப் பெரியவர் ஒருவர், வந்திருந்த எழுத்தாளரிடம், “ஏன் தம்பி, அந்தக் கெழவி கடைசியில வீட்டுக்குப் போனாளா இல்லையா? ஒரு வாரமா எனக்குத் தூக்கமில்ல” என்று கேட்டார். எழுத்தாளர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கும் தெரியலங்கய்யா, நீங்க என்ன நெனைக்கிறீங்க?” என்றார். அதன் பிறகு அரங்கம் பேசிய பேச்சை என்னால் அடக்கவே முடியவில்லை. இரவு ஒன்பது மணிக்கு விளக்கை அணைக்க வேண்டியதாயிற்று.

இதெல்லாம் பெரிய ஊருக்குத்தானே என்று கேட்பவர்கள் உண்டு. சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ‘பொன்மாலைப் பொழுது’ என்ற பெயரில் சனிக்கிழமை மாலைகளில் எழுத்தாளர்களையும் துறை அறிஞர்களையும் அழைத்துப் பேசவைக்கிறார்கள். மதுரையில் 2023இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. அவற்றின் அரங்கமும் வசதியும் கிளை நூலகத்துக்கு வராது. ஆனால் நூலகம் உங்கள் பணத்தில் நடப்பது என்பது எல்லா ஊருக்கும் பொது. 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம்தான் இன்றைக்கும் இதற்கு அடிப்படை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன் அதற்காகப் பல வருஷம் பாடுபட்டார். அந்தச் சட்டப்படி, நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது. இப்போது ரூபாய்க்கு 10 பைசா. ஆகவே, “எங்க ஊருக்கும் ஒரு எழுத்தாளரைக் கூப்பிடுங்க” என்று நூலகரிடம் போய்க் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வாசகர் வட்டத்தில் சேருங்கள். 1,000 ரூபாய் கொடுத்து நூலகப் புரவலராகலாம். கேட்க ஆள் இருந்தால்தான் நூலகரும் மேலே எழுதிக் கேட்க முடியும். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. 1931 அக்டோபரில் மேலவாசலிலிருந்து கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் கிளம்பி ஊர் ஊராகப் போனது. வண்டிமாடு இழுத்துப் புத்தகம் வந்த மண்ணுக்கு பஸ் ஏறி எழுத்தாளர் வருவது பெரிய காரியமா?

பயிற்சிப் பட்டறையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எழுத்தாளர் காலையிலேயே வந்துவிட்டால், எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகள் பதினைந்து பேரோடு இரண்டு மணி நேரம் உட்காரச் சொல்வோம். பதினைந்துக்கு மேல் சேர்க்கவே கூடாது. எழுதியதை ஒவ்வொருவரும் வாய்விட்டுப் படிக்க நேரம் வேண்டும். அது இல்லாவிட்டால் பட்டறை நடத்தியும் பயனில்லை.

ஒரு முறை வந்த எழுத்தாளர் அம்மாவைப் பற்றி ஐந்து வரி எழுதச் சொன்னார். பதினைந்து பேரும் ஒரே கட்டுரையை எழுதியிருந்தார்கள். அம்மா தியாகத்தின் உருவம், அம்மா நடமாடும் தெய்வம். அவர் எதையும் குறை சொல்லவில்லை. “சரி, இப்ப இன்னொரு கேள்வி. காலையில எழுந்ததும் உங்க அம்மா மொதல்ல எந்தச் சாமானைத் தொடுவாங்க?” என்றார். பிள்ளைகள் முழித்தார்கள். நிறையப் பேருக்குத் தெரியவில்லை. ஒரு பையன் மட்டும் எழுத ஆரம்பித்தான். அவன் படித்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளைத்தான் அம்மா முதலில் தொடுவாள். அது கிறீச்சிடும். ராத்திரி வேலை முடித்து வந்து தூங்குகிற அப்பா விழித்துக்கொள்ளக் கூடாது என்று முந்தானையைத் தாழ்ப்பாளில் சுற்றி மெல்லத் தள்ளுவாள்.

யாரும் பேசவில்லை. எழுத்தாளர் அவனை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு மற்றப் பிள்ளைகளிடம், “இதுல தியாகம்ங்கிற வார்த்தை எங்க வருது?” என்று கேட்டார். வரவில்லை. ஆனாலும் அங்கே என்ன இருந்தது என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு பெண் தன் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதத் தொடங்கினாள். எழுதக் கற்றுக்கொடுக்க முடியாது என்று சொல்கிறவர்களை நான் ஒப்புக்கொள்வதில்லை. உற்றுப் பார்க்கக் கற்றுக்கொடுக்க முடியும். அதைச் செய்ய எழுதுகிற மனுஷர் நேரில் வந்து பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் எழுதியதைத் தைத்துக் கையெழுத்துப் புத்தகமாக்கி, அதற்கும் தேதிச் சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்தோம். இரண்டு வாரம் கழித்து அந்தப் பையனின் அம்மா வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. “லைப்ரரியம்மா, எம்புள்ள என்னப் பத்தி என்னமோ எழுதியிருக்கானாம். படிச்சுக் காட்டுங்க” என்றார். படித்தேன். முந்தானையைச் சுற்றுகிற இடம் வந்ததும், “அவன் தூங்குறான்னுல்ல நெனச்சேன்” என்று மெதுவாகச் சொன்னார். இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். எழுந்து போனவர் வாசற்படியில் நின்று திரும்பினார்.

“அந்தத் தாழ்ப்பாளுக்கு இப்ப எண்ணெய் விட்டாச்சும்மா. அதையும் எழுதச் சொல்லுங்க.”