பேத்தியைப் பார்க்க 22 மாதம்! பச்சை பைல் சொல்லும் கதை

சென்னை, திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன ஸ்டேஷனரி கடை. நோட்டு, பேனா, ரப்பர், மூலையில் ஒரு ஜெராக்ஸ் மிஷின். கல்லாவில் உட்கார்ந்து இருப்பவர் 60 வயதைத் தாண்டிய ஓர் அம்மாள்.

அவர் தலைக்கு மேலே பலகையில் ஒரு பச்சை பைல் இருக்கிறது. நாடா கட்ட முடியாத அளவுக்குத் தடிமன்.

ரீபில் வாங்கப் போன நான், சும்மா இருக்காமல், "என்னம்மா, கோர்ட்டு கேசா?" என்று கேட்டு வைத்தேன்.

"கேசுதான் தம்பி. எதிரி யாருன்னுதான் தெரியலை" என்றார் அந்த அம்மாள்.

பிறகு பைலை இறக்கி, நாடாவை அவிழ்த்தார். ரத்தான விமான டிக்கெட், ஊசி போட்ட சர்டிபிகேட், மூக்கில் குச்சி விட்டு எடுத்த பரிசோதனை ரிப்போர்ட், மகள் அனுப்பிய மனுக்களின் நகல் என்று ஒவ்வொன்றாக வந்தது. 2020-ல் ஆரம்பித்து 2022-ல் முடியும் கதை. "பேரைப் போட்டுடாதே" என்று கேட்டுக் கொண்டார். போடவில்லை.

லேகியம் தயார், விமானம் இல்லை

இவருக்கு ஒரே மகள். கல்யாணமாகி ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் இருக்கிறார். அங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர். 2020 ஏப்ரலில் தலைப்பிரசவம். பிரசவம் பார்க்கத் தாயார் போக வேண்டும் அல்லவா? மார்ச் 24-ந்தேதிக்கு டிக்கெட் எடுத்தார்கள்.

சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் இடித்து, வெல்லப்பாகு வைத்து லேகியம் கிளறி, பாட்டிலில் அடைத்து, பெட்டியும் கட்டியாகி விட்டது.

மார்ச் 20-ந்தேதி இரவு ஆஸ்திரேலியா வெளிநாட்டவருக்குக் கதவைச் சாத்தியது. 22-ந்தேதி இந்தியாவுக்குள் பயணிகள் விமானம் இறங்கத் தடை வந்தது. 24-ந்தேதி நள்ளிரவு நாடு முழுவதும் ஊரடங்கு. அந்த அம்மாள் டிக்கெட் எடுத்த அதே 24-ந்தேதி!

"கட்டின பெட்டியை ஒரு மாசம் பிரிக்கவே இல்லை. இன்னைக்குத் திறந்துடுவான், நாளைக்குத் திறந்துடுவான்னு இருந்தேன். நாம என்ன கண்டோம்?" என்றார்.

குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. தாயார் இங்கே இருந்து டெலிபோனில் பக்குவம் சொல்ல, மாப்பிள்ளை அங்கே லேகியம் கிளறினார். அடிப்பிடித்து விட்டது. இங்கே செய்து வைத்த லேகியம் பீரோவில் கிடந்து கெட்டுப் போனது.

மெல்போர்ன் நிலவரம் நம்மைவிட மோசம். ஆறு தடவை ஊரடங்கு, மொத்தம் 262 நாள். 2020 ஆகஸ்டில் வீட்டில் இருந்து 5 கிலோ மீட்டர் தூரத்துக்கு மேல் போகக் கூடாது, இரவு 8 மணிக்கு மேல் தெருவில் நடமாடக் கூடாது என்று உத்தரவு. பச்சைக் குழந்தையும் தாயும் நாலு சுவருக்குள். ஒத்தாசைக்கு ஆள் கிடையாது.

மகளாவது இங்கே வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். 2020 மார்ச் 25-ந்தேதியில் இருந்து, ஆஸ்திரேலியாவில் வசிப்பவர்கள் அரசாங்கத்தின் விசேஷ அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போகவும் தடை. அனுமதி வாங்கி வந்தாலும் திரும்பிப் போக விமானத்தில் இடம் கிடைக்காது. வாரத்துக்கு இத்தனை பேர்தான் உள்ளே வரலாம் என்று ஜூலையில் கணக்கு வைத்து விட்டார்கள். இடம் கிடைத்துப் போய்ச் சேர்ந்தால் 14 நாள் ஓட்டல் அறையில் அடைப்பு. அந்தச் செலவும் நம் தலையில். உள்ளே வர ஒரு பூட்டு, வெளியே போக ஒரு பூட்டு!

இதே சமயத்தில் வெளிநாட்டில் தவித்த நம்மவர்களை அழைத்து வர மத்திய அரசு 2020 மே 7-ந்தேதி முதல் 'வந்தே பாரத்' விமானங்களை விட்டது. கொழும்பில் இருந்து கடற்படைக் கப்பல் 'ஜலாஷ்வா' சுமார் 700 பேரை ஏற்றிக் கொண்டு ஜூன் 2-ந்தேதி தூத்துக்குடிக்கு வந்தது. ஆனால் அதெல்லாம் ஊர் திரும்புவோருக்கு. ஊரில் இருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இல்லை.

ஒரே வீடு, இரண்டு ஊசி

2021 மார்ச் 1-ந்தேதி முதல் 60 வயது ஆனவர்களுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். அந்த அம்மாள் போன நாளில் முகாமில் இருந்தது கோவாக்சின். கடையைப் பார்த்துக் கொண்டிருந்த கணவர் ஒரு வாரம் கழித்துப் போனார். அன்று இருந்தது கோவிஷீல்டு.

"எது போட்டா என்ன, ஊசி ஊசிதானேன்னு கையை நீட்டினோம். அதுக்குள்ளே விசா விஷயம் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?" என்கிறார்.

அந்தக் கதை பின்னால் வருகிறது. அதற்கு முன்னால் இடி விழுந்தது.

ஏப்ரல் கடைசியில் இரண்டாவது அலை. சென்னையில் மட்டும் மே மாதம் நாளொன்றுக்கு 7 ஆயிரம் பேருக்கு மேல் தொற்று. ஆக்சிஜனுக்கும் படுக்கைக்கும் ஜனங்கள் அலைந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கணவருக்கு இரண்டாவது ஊசிக்கு நாள் வரும் முன்பே காய்ச்சல் வந்தது. ஆறாவது நாள் ஆஸ்பத்திரியில் இறந்து போனார்.

அது 2021 மே இரண்டாவது வாரம். தேதியைக் கவனியுங்கள்.

மே 3-ந்தேதி ஆஸ்திரேலியா ஓர் உத்தரவு போட்டிருந்தது. கடந்த 14 நாளில் இந்தியாவில் இருந்த எவரும் உள்ளே வரக்கூடாது, சொந்த நாட்டுப் பிரஜையாக இருந்தாலும் சரி. மீறினால் 5 ஆண்டு வரை ஜெயில் அல்லது 66 ஆயிரத்து 600 டாலர் வரை அபராதம். சுமார் 9 ஆயிரம் ஆஸ்திரேலியர்கள் அப்போது இந்தியாவில் மாட்டிக் கொண்டு இருந்தார்கள். உத்தரவு மே 15-ந்தேதி வரை நீடித்தது. அன்று டார்வின் நகருக்குப் போன முதல் மீட்பு விமானத்தில்கூட, ஏற வேண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பரிசோதனைக்குப் பிறகு நிறுத்தப்பட்டார்கள்.

மகள் என்ன செய்வார்? அப்பா முகம் பார்க்க வந்தால், பால் குடிக்கும் குழந்தையிடம் எப்போது திரும்புவோம் என்று தெரியாது.

மாநகராட்சி மயானத்தில் கொழுந்தனார் மகன் கொள்ளி வைத்தார். கூட நின்றவர்கள் நாலு பேர். ஒருவர் கையில் டெலிபோனைப் பிடித்துக் கொண்டு நின்றார். அதற்குள் மகள் அழுது கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் அந்த அம்மாள் பேச்சை நிறுத்தி, ஒரு பையனுக்கு ரெண்டு கிராப் ஷீட் எடுத்துக் கொடுத்து, சில்லறையை எண்ணிப் போட்டார். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

"பேரும் சரியில்லை, ஊசியும் சரியில்லை"

வெளிநாடு போகிறவர்கள் இரண்டாவது கோவிஷீல்டு ஊசியை 28 நாளிலேயே போட்டுக் கொள்ளலாம் என்று 2021 ஜூனில் மத்திய அரசு சலுகை தந்தது. யாருக்கு? படிக்கப் போகும் மாணவர், வேலைக்குப் போகிறவர், டோக்கியோ ஒலிம்பிக் போட்டிக்குப் போகும் வீரர். மகளையும் பேரப்பிள்ளையையும் பார்க்கப் போகும் தாய் அந்தப் பட்டியலில் இல்லை. இது என்ன கணக்கோ!

அக்டோபர் 1-ந்தேதி நல்ல செய்தி மாதிரி ஒரு செய்தி வந்தது. நவம்பரில் கதவு திறக்கும், கோவிஷீல்டு போட்டவர்களை ஏற்போம் என்றது ஆஸ்திரேலியா. கோவாக்சின் பெயர் அதில் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் அதுவரை கோவாக்சினுக்கு அங்கீகாரம் தரவில்லை.

அங்கீகாரம் உள்ள ஊசியைப் போட்டவர் உயிரோடு இல்லை. உயிரோடு இருப்பவர் போட்ட ஊசிக்கு அங்கீகாரம் இல்லை.

"இன்னொரு ஊசி போட்டுக்கலாமான்னு டாக்டரைப் போய்க் கேட்டேன். திட்டி அனுப்பிட்டார். அந்த ஒரு மாசம் எனக்குத் தூக்கமே கிடையாது" என்றார் அந்த அம்மாள்.

இன்னொரு தலைவலி பெயரில். பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் முழுசாக இருக்கிறது. ஊசி சர்டிபிகேட்டில் ஆதாரில் உள்ளபடி வெறும் இனிஷியல். நம் ஊர் இனிஷியல் வழக்கம் வெளிநாட்டுக் கவுண்டரில் இருப்பவனுக்கு எங்கே புரியும்? கம்ப்யூட்டரில் திருத்தலாம், ஆனால் பெயரை ஒரே ஒரு தடவைதான் திருத்த முடியும். தப்பாக அடித்தால் போச்சு. பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டர் பையன் அரை மணி நேரம் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் பட்டனை அழுத்தினானாம். பாஸ்போர்ட் நம்பரும் ஏறியது. அந்தப் பையனுக்கு இன்றைக்கும் இந்தக் கடையில் ஜெராக்ஸ் இலவசம்.

நவம்பர் 1-ந்தேதி ஆஸ்திரேலியா கோவாக்சினை ஏற்றது. இரண்டு நாள் கழித்து உலக சுகாதார நிறுவனமும் ஏற்றது. அதே நவம்பர் 1-ந்தேதியில் இருந்து பெற்றோரும் 'நெருங்கிய குடும்பத்தினர்' என்று ஆஸ்திரேலியா சேர்த்துக் கொண்டது. அதுவரை மனைவி, கணவன், குழந்தைதான் குடும்பம். பெற்ற தாய் குடும்பத்தில் சேர்த்தி இல்லை!

அந்த மாதத்திலேயே சிங்கப்பூர்க்காரர்களுக்கும் விடிவு வந்தது. ஏப்ரலில் சாத்திய கதவைத் தளர்த்தி, நவம்பர் 29-ந்தேதி முதல் தனிமைப்படுத்தல் இல்லாத விமானங்களைச் சென்னைக்குத் தினம் இரண்டு என்று விட்டார்கள். மண்ணடியிலும் பாரிமுனையிலும் எத்தனை கடைகளில் அன்று சாக்லேட் கொடுத்தார்களோ.

டெலிபோனுக்குள் தேடிய குழந்தை

மகள் மனுப் போட்டு, விசேஷ அனுமதி வந்து, விசா சரியாகி, 2022 ஜனவரியில் பொங்கல் கழிந்த மறுவாரம் புறப்பட்டார். பரிசோதனை ரிப்போர்ட் 72 மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ராத்திரி 11 மணிக்கு ரிப்போர்ட் வந்தது. 'இல்லை' என்று பார்த்த பிறகுதான் சாப்பிட்டார். மீனம்பாக்கத்தில் இருந்து டில்லி, டில்லியில் இருந்து மெல்போர்ன்.

"ஏர்போர்ட்டிலே மக ஓடி வந்து கட்டிக்கிட்டா. குழந்தை வரலை. அவங்கப்பன் கையிலே இருந்து என்னைப் பார்க்குது, அவர் சட்டைப் பையிலே இருக்கிற போனைப் பார்க்குது. 'பாட்டி'ன்னு போனைக் காட்டுது. அதுக்குப் பாட்டின்னா அதுக்குள்ளேதான் இருக்கணும். நான் என்ன செய்ய? கொஞ்சம் தள்ளிப் போய் நின்னு, போன்ல பேசுற மாதிரியே 'சாப்ட்டியா கண்ணு'ன்னேன். அந்தக் குரலைக் கேட்டதும் கையை நீட்டிட்டா."

குழந்தைக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது.

2022 மார்ச் 27-ந்தேதி வெளிநாட்டு விமானங்கள் வழக்கம் போல் ஓட ஆரம்பித்தன. தகப்பனாரின் வருஷ திதிக்கு மகள் குழந்தையோடு சென்னைக்கு வந்தார். இந்தக் கடையில், தாத்தா உட்கார்ந்த ஸ்டூலில், பேத்தி உட்கார்ந்தாள். பாட்டிலில் இருந்து கலர் ரப்பர் ஒன்றை எடுத்துக் கொண்டு தர மாட்டேன் என்று அழுதாள். வீட்டு ஆள் எடுத்தாலும் கணக்கில் எழுத வேண்டும் என்பது தாத்தா போட்ட சட்டம். அம்மாள் அதன்படி எழுதினார். அந்தப் பக்கத்தை எனக்குக் காட்டினார். 'பேத்தி - ரப்பர் 1 - ரூ.5' என்று இருக்கிறது.

அதற்குள் ஜெராக்ஸ் எடுக்க ஆள் வந்து விட்டது. காகிதங்களை அடுக்கி, நாடாவை இழுத்துக் கட்டி, பைலைப் பழைய இடத்தில் வைத்தார்.

"எல்லாம்தான் முடிஞ்சு போச்சே, இன்னும் எதுக்கும்மா இது?" என்றேன்.

"இருக்கட்டும் தம்பி. அடுத்த தடவை விசாவுக்குப் பழைய பேப்பர் கேட்டாலும் கேப்பான்" என்றார்.