பூஞ்சையை வெல்ல உடம்பின் போக்கைத் திருப்பிய சிகிச்சை

அமெரிக்காவின் கலிஃபோர்னியா, அரிசோனா மாநிலங்களின் வறண்ட மண்ணில் காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சை வாழ்கிறது. புழுதி கிளம்பும்போது அதன் நுண்வித்துகள் மூச்சோடு நுரையீரலுக்குள் போய்விடும். அங்குள்ளவர்கள் இதைப் ‘பள்ளத்தாக்குக் காய்ச்சல்’ என்கிறார்கள். தொற்றியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு எந்த அறிகுறியும் இராது. சிலருக்கு இருமலும் காய்ச்சலும் வாரக்கணக்கில் நீடிக்கும். நூற்றில் ஒருவர் அளவுக்குத்தான் அது நுரையீரலைத் தாண்டி எலும்பு, தோல், மூளை உறை என்று பரவுகிறது. அப்படிப் பரவினால் உயிருக்கே ஆபத்து.

இந்த நிலைக்கு ஆளான 4 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர்கள் அளித்த சிகிச்சை பற்றிய விவரம், 2020-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியானது. பூஞ்சைக்கொல்லி மருந்துகளால் மட்டும் அவனுடைய நோயைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

பாக்டீரியாவுக்கு எதிராக நம்மிடம் எத்தனையோ வகை மருந்துகள் உண்டு. பூஞ்சையின் கதை வேறு. அதன் செல் அமைப்பு மனித செல்லை ஒத்திருப்பதால், அதைக் கொல்லும் மருந்து நம்மையும் தாக்கக்கூடும். ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி சிறுநீரகத்தைப் பாதிப்பது இதற்கு எடுத்துக்காட்டு. கைவசம் உள்ள மருந்து வகைகளும் மிகச் சில. அவை பூஞ்சையை ஒடுக்கி வைக்கும். மிச்சத்தை அழித்து முடிக்க வேண்டியவை உடம்பின் வெள்ளையணுக்கள்.

அந்தச் சிறுவனின் உடம்பில் தடம் மாறியிருந்தது இந்த இரண்டாவது வேலைதான். பூஞ்சையை விழுங்கிக் கொல்ல வெள்ளையணுக்களுக்கு ‘இன்டர்ஃபெரான் காமா’ என்ற கட்டளைப் புரதம் தேவை. அதைச் சுரக்க வேண்டிய டி செல்கள் என்ற வெள்ளையணுக்களோ அவன் உடம்பில் அந்தப் பக்கம் போகாமல், ஒவ்வாமையின்போது பெருகும் இன்னொரு வகை எதிர்வினையில் சிக்கியிருந்தன. மருத்துவர்கள் இன்டர்ஃபெரான் காமாவையே ஊசியாகக் கொடுத்தார்கள்; நோயின் வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பிறகு டுபிலுமாப் என்ற மருந்தைச் சேர்த்தார்கள். கரப்பான் எனப்படும் எக்ஸிமாவுக்காக வந்த மருந்து அது; ஒவ்வாமை எதிர்வினையைத் தூண்டும் இரண்டு சமிக்ஞைகளை அடைத்துவிடும். அதன்பின் சிறுவனின் நோய்க்குறிகள் விரைவாக மறைந்தன.

ஒரு குழந்தைக்குப் பலித்ததை எல்லோருக்குமான சிகிச்சை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இன்டர்ஃபெரான் காமா நேற்று வந்ததல்ல. வெள்ளையணு கிருமியை விழுங்கியும் கொல்ல முடியாத பிறவிக் குறைபாடு ஒன்று உண்டு. ஆங்கிலச் சுருக்கத்தில் சி.ஜி.டி. என்பார்கள். அந்தக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை எமனாக வரும். 128 நோயாளிகளிடம் நடந்து 1991-இல் வெளியான ஆய்வில், இன்டர்ஃபெரான் காமா பெற்றவர்களுக்குக் கடுமையான தொற்றுகள் பெருமளவு குறைந்தன. இன்று எலும்பு மஜ்ஜை மாற்றத்தால் அந்தக் குறைபாட்டையே குணப்படுத்தவும் முடிகிறது.

‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவது’ என்று எளிதாகச் சொல்கிறோம். ஆனால் கூட்டுவதே எப்போதும் தீர்வாகாது. சில குழந்தைகளுக்கு ஸ்டாட்-1 என்ற மரபணு அளவுக்கு மீறி வேலை செய்வதால்தான் வாயிலும் நகத்திலும் கேண்டிடா பூஞ்சை தீராமல் தங்குகிறது. அவர்களுக்கு அந்தத் தூண்டலைக் குறைக்கும் மருந்து பலன் தந்திருக்கிறது. எந்த இடத்தில் கோளாறு என்று கண்டுபிடிக்காமல் கொடுக்கும் எந்தச் சத்து டானிக்கும் இந்தக் குழந்தைகளைக் காப்பாற்றாது.

இந்த எச்சரிக்கை நமக்கும் பொருந்தும். இத்தகைய குறைபாடுகளில் பல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேரும்போது உண்டாகின்றன. சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் அதற்கான வாய்ப்பு கூடுதல். கைக்குழந்தைப் பருவம் கடந்தும் வாய்ப்புண்ணாகப் பூஞ்சை திரும்பத் திரும்ப வந்தாலோ, நிணநீர்க் கணுவிலோ கல்லீரலிலோ சீழ் கட்டினாலோ, பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட இடம் ஆறாமல் பரவினாலோ, அந்தக் குழந்தையின் வெள்ளையணுக்களைச் சோதித்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். சி.ஜி.டி.யைக் கண்டறிய ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.