நான்காவது இளநீர் பாக்கி

நமது மலருக்கு ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, வழக்கம்போல் "நீரிழிவும் நாமும்" என்று தலைப்புப் போட்டு உட்கார்ந்தேன். அவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "டாக்டர் சார், போன தடவை ரத்தக் கொதிப்பு. அதற்கு முந்தின தடவை கொழுப்பு. படித்தவர்கள் பயந்துபோய்ப் பொங்கல் விழாவில் பாயசத்தை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். இந்தத் தடவையாவது மனிதர்கள் சிரிக்கிற மாதிரி எழுதுங்கள்" என்றார்.

சரி, சிரிக்க வைப்பது என்று முடிவான பிறகு, என்னையே பார்த்து நான் சிரித்துக்கொண்ட ஒரு விஷயத்தை எழுதுவதுதான் நியாயம். அது 2023-ஆம் வருஷத்து ஹாக்கி சீசன்.

அடியேன் பிறந்தது கோவில்பட்டி. தீப்பெட்டி, கடலை மிட்டாய், ஹாக்கி என்ற மூன்றும் எங்கள் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. கரிசல் பொட்டலில் கருவேலங் கிளையை ஒடித்து, வளைந்த பக்கத்தைத் தரைக்குக் காட்டிப் பிடித்தால் அதுதான் ஹாக்கி மட்டை. 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக்ஸில் நமது வி. பாஸ்கரன் தலைமையில் இந்தியா தங்கம் வாங்கியபோது எங்கள் தெருவில் பத்து பாஸ்கரன்கள் இருந்தார்கள். கோல் காக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. இரண்டே வருஷம். 1982 டில்லி ஆசிய விளையாட்டில் இறுதி ஆட்டம். எதிர் வீட்டு ரேடியோவைச் சுற்றி நின்றோம். முதல் கோல் நாம்தான் அடித்தோம். பிறகு பாகிஸ்தான் ஏழு அடித்தது. வர்ணனை பாதி புரியவில்லை. ஆனால் ஏழுக்கு ஒன்று என்பது எல்லா மொழியிலும் புரியும். அன்று இரவு எங்கள் தெருவில் பல பேர் சாப்பிடவில்லை.

அந்த ஏழு கோலையும் நெஞ்சில் சுமந்துகொண்டே மருத்துவம் படித்து, வேலைக்கு வந்து, கடைசியில் சலாலா சேர்ந்தேன். இங்கே வந்த முதல் வாரமே ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் ஒருவரைச் சந்தித்தேன். பாகிஸ்தானில் சியால்கோட்காரர். பெயர் எதற்கு? சியால்கோட்டார் என்றே வைத்துக்கொள்வோம். உலகத்துக்கே ஹாக்கி மட்டை செய்து அனுப்பும் ஊர் அது. முதல் நாளே, "டாக்டர் சாப், உங்களுக்கு எந்த ஊர்?" என்றார். சொன்னேன். "அங்கே என்ன விசேஷம்?" "ஹாக்கி." மனிதர் எழுந்து நின்று கை குலுக்கினார். குலுக்கிய கையை விடாமலே, "1982 ஞாபகம் இருக்கிறதா?" என்றார். இருபது வருஷத்துக்கும் மேற்பட்ட சிநேகம் அந்த நிமிஷம் ஆரம்பித்தது.

இப்படியே எலும்பு முறிவுப் படங்களுக்கு நடுவில் ஹாக்கி பேசிக் காலம் தள்ளிக்கொண்டிருந்த எங்களுக்கு, 2023-இல் ஆசிய ஹாக்கியே சலாலாவுக்கு வந்து சேர்ந்தது. ஆண்களுக்கான ஜூனியர் ஆசியக் கோப்பை மே 23 முதல் ஜூன் 1 வரை. ஆகஸ்டு கடைசியில் "ஹாக்கி ஃபைவ்ஸ்" என்னும் ஐவர் ஆசியக் கோப்பை, முதலில் பெண்களுக்கு, உடனே ஆண்களுக்கு. மஸ்கட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, தென்னந்தோப்புக்கும் மலைக்கும் நடுவில் இருக்கிற நம் ஊரில்! விமானத்தில் போய்ப் பார்க்க வேண்டிய ஆட்டங்களை, ஓ.பி. முடித்துவிட்டு லுங்கி மாற்றுகிற தூரத்தில் பார்த்தோம்.

பந்தயம் ஒன்று வைத்தோம். தோற்ற நாட்டுக்காரர் ஜெயித்த நாட்டுக்காரருக்குச் சாலையோரக் கடையில் ஓர் இளநீர் வாங்கித் தரவேண்டும். பணம் வைத்து ஆடுவது இரண்டு பேர் வீட்டிலும் ஆகாது. இளநீரில் பாவம் இல்லை, பொட்டாசியம் உண்டு.

ஜூனியர் கோப்பையில் நம் பையன்கள் முதல் நாள் சீனத் தைபேயை 18–0 என்று வென்றார்கள். என் சகதர்மிணி அன்றைக்குத்தான் முதன்முதலாக ஹாக்கி பார்க்க வந்திருந்தாள். பத்தாவது கோல் வரை கைதட்டினாள். அதற்குமேல் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "ஏன், சந்தோஷம் இல்லையா?" என்றேன். "அந்தக் கோல் காக்கிற பையனின் அம்மாவும் எங்கேயாவது உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதானே இருப்பாள்?" என்றாள். விளையாட்டு தெரியாதவர்களை மைதானத்துக்கு அழைத்துப் போகக்கூடாது என்று அன்றைக்கு நினைத்தேன். அந்தக் கேள்வி என்னை எங்கே வந்து பிடிக்கும் என்று அப்போது தெரியாது.

அடுத்து ஜப்பானை 3–1. மே 27, சனிக்கிழமை, பாகிஸ்தான். நாம் முதலில் அடித்தோம். அவர்கள் சமன் செய்தார்கள். 1–1 என்று முடிந்தது. இளநீர்ச் சட்டத்தில் இதற்கு விதி இல்லை. ஆளுக்கு ஒன்று வாங்கி, மாற்றிக்கொண்டு குடித்தோம்.

பிறகு தாய்லாந்தை 17–0, அரையிறுதியில் கொரியாவை 9–1. ஜூன் 1, வியாழக்கிழமை இரவு இறுதி ஆட்டம், மறுபடியும் பாகிஸ்தான். மறுநாள் விடுமுறை என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. 13-ஆவது நிமிஷத்தில் அங்கத் பீர் சிங் ஒன்று, 20-ஆவது நிமிஷத்தில் அரைஜீத் சிங் ஹுண்டல் ஒன்று. நான் சியால்கோட்டார் பக்கம் திரும்பி, "இளநீரைக் குளிர வைக்கச் சொல்லுங்கள்" என்றேன். 37-ஆவது நிமிஷத்தில் அவர்கள் ஒன்று அடித்தார்கள். பாக்கி இருபத்து மூன்று நிமிஷம். வருஷக்கணக்காக நோயாளிகளிடம், "மனசை அலட்டிக்கொள்ளாதீர்கள், ஆழ்ந்து மூச்சு விடுங்கள்" என்று உபதேசம் செய்தவன், மூச்சே விடவில்லை. நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது. பக்கத்திலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. சியால்கோட்டார் என் நாடியை எண்ணிக்கொண்டிருந்தார். "நூற்றுப் பதினெட்டு, டாக்டர் சாப். உட்காருங்கள். தோற்றால் தோற்றுப் போகிறீர்கள், சாகாதீர்கள்" என்றார். அவருடைய அணி தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில், என் நாடியை எண்ணினார்!

கோல் காத்த மோஹித்தின் புண்ணியத்தில் 2–1 என்று ஜெயித்தோம். உத்தம் சிங் கோப்பையைத் தூக்கினார். 2004, 2008, 2015-க்குப் பிறகு இந்தியாவுக்கு நான்காவது ஜூனியர் ஆசியக் கோப்பை. ஆறு ஆட்டத்தில் நாம் போட்டது ஐம்பது கோல், வாங்கியது நான்கு. அன்றைய இளநீரை அவர் வாங்கிக் கொடுத்தார். வழுக்கையைச் சுரண்டித் தரச் சொல்லி, அதையும் எனக்கே கொடுத்தார்.

ஆகஸ்டு பிறந்தது. கரீஃப் என்று இங்கே சொல்லுகிற பருவத்தைக் குற்றாலச் சாரல் என்று வைத்துக்கொண்டால் நம்மவர்களுக்குப் புரியும். மலையெல்லாம் பச்சை, வானமெல்லாம் மூட்டம், ஓ.பி. முழுக்கத் தும்மல். அதே மாதம் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. நம் அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம் ஆடிய அணி, ஆகஸ்டு 9-இல் பாகிஸ்தானை 4–0 என்று வென்று, 12-இல் மலேசியாவிடம் 1–3 என்று பின்தங்கியும் 4–3 என்று கோப்பையைப் பிடித்தது. நான் இளநீர் கேட்டேன். "சென்னைக் கணக்கு சலாலாவில் செல்லாது" என்று தீர்ப்பு வந்தது.

ஐவர் ஹாக்கி என்பது கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்தே பேர் ஆடுவது. வழக்கமான மைதானத்தில் பாதிகூட இல்லாத இடம். சுற்றிலும் பலகைத் தடுப்பு. பந்து வெளியே போகாமல் மோதித் திரும்பி வரும். முப்பது நிமிஷத்தில் ஆட்டம் முடிந்துவிடும். சுருங்கச் சொன்னால், சமையலறைக்குள் பூனையும் எலியும் ஓடுகிற மாதிரி. எங்கள் காலத்து ரசிகர்களுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. இரண்டு ஆட்டம் பார்த்தபின் எழுந்திருக்க மனம் வரவில்லை.

ஆகஸ்டு 28-இல் நவ்ஜோத் கவுர் தலைமையில் நம் பெண்கள் இறுதியில் தாய்லாந்தை 7–2 என்று வென்றார்கள். நம் சங்கத்து மாமிகள் குடையோடும் ஃபிளாஸ்க்கோடும் வந்திருந்தார்கள். (இதே அணி 2024 ஜனவரியில் மஸ்கட்டில் நடந்த உலகக் கோப்பை இறுதியில் நெதர்லாந்திடம் 2–7 என்று தோற்றது. சலாலாவில் ஏழுக்கு இரண்டு, மஸ்கட்டில் இரண்டுக்கு ஏழு. நம் ஊர் ராசி எது என்று இனிமேல் யாரும் கேட்கவேண்டாம்.)

ஆண்கள் ஆகஸ்டு 30-இல் பாகிஸ்தானிடம் 4–5 என்று தோற்றார்கள். இளநீர் என் செலவு. மறுநாள் ஜப்பானை 35–1 என்று வென்றார்கள். முப்பது நிமிஷத்தில் முப்பத்தைந்து கோல். எழுதினவருக்கு மணிக்கட்டு வலித்திருந்தால் என்னிடம் வந்திருக்கலாம். செப்டம்பர் 2, சனிக்கிழமை, இறுதி ஆட்டம். எதிரில் யார் என்று சொல்லவும் வேண்டுமா? இடைவேளையில் நாம் 2–3. கடைசியில் 26-ஆவது நிமிஷத்தில் பெங்களூர்ப் பையன் முகமது ராஹீல் அடித்த கோலில் 4–4. ஷூட் அவுட்டில் குர்ஜோத் சிங்கும் மணீந்தர் சிங்கும் போட்டார்கள்; சூரஜ் கர்கேரா ஒன்றையும் உள்ளே விடவில்லை. 2–0. கோப்பை நமக்கு.

திங்கட்கிழமை நான் இளநீர் கேட்கப் போனபோது, சியால்கோட்டார் எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் ஏதோ கணக்குப் போட்டு வைத்திருந்தார். "டாக்டர் சாப், மே 27-லிருந்து நூறு நாளைக்குள் இந்த ஊரில் நம் இரண்டு நாடும் நான்கு தடவை ஆடியிருக்கின்றன. நீங்கள் அடித்தது ஒன்று, இரண்டு, நான்கு, நான்கு. நாங்கள் அடித்தது ஒன்று, ஒன்று, ஐந்து, நான்கு. கூட்டிப் பாருங்கள்."

கூட்டினேன். பதினொன்றுக்குப் பதினொன்று.

"ஷூட் அவுட்?" என்றேன்.

"அது லாட்டரி. 4–4 என்றால் சமன். இளநீர் கிடையாது."

"கோப்பை யாரிடம் இருக்கிறது?"

"கோப்பையில் இளநீர் குடியுங்கள்."

இந்த வழக்கு தீரவேயில்லை. 2024 கோடையில் அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். விமான நிலையத்தில் கட்டித் தழுவிக்கொண்டபோது இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. உள்ளே போகிறவர் திரும்பி, "கணக்கு நிற்கிறது!" என்று கத்தினார். அதற்குப் பிறகு எக்ஸ்ரே அறைக்கு நான் போனால் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறேன். அந்த டிசம்பர் 4-இல் மஸ்கட்டில் நம் ஜூனியர்கள் மறுபடியும் பாகிஸ்தானை 5–3 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். "மஸ்கட் கணக்கும் சலாலாவில் செல்லாது" என்று சியால்கோட்டிலிருந்து செய்தி வந்தது.

2025 நவம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. பாகிஸ்தானும் இந்தியாவும் ஒரே பிரிவு. அதற்காகவே லீவு போட்டேன். ஆனால் பாகிஸ்தான் அணி விலகிக்கொண்டது. அதன் இடத்துக்கு வந்தது எது தெரியுமா? நம் ஓமான்!

கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறி மதுரைக்குப் போனேன், சகதர்மிணியோடு. இந்தியா 17, ஓமான் 0. சுற்றிலும் என் ஜனங்கள், என் பாஷை, என் நாடு ஜெயிக்கிறது. முதல் மூன்று கோலுக்கு நானும் எழுந்து கத்தினேன். அப்புறம் கை தானாக மடிக்கு வந்துவிட்டது. அந்த வெள்ளை வெயிலில் வளர்ந்த பையன்களில் எவனாவது ஒருவன், ஐந்து வயதில் காய்ச்சலோடு அம்மா தோளில் வந்து என் எதிரில் வாயைத் திறந்து "ஆ" காட்டியவனாக இருக்கலாம் அல்லவா? ஓமான் கோல்கீப்பர் ஒரு பந்தைப் பாய்ந்து தடுத்தபோது எங்கள் வரிசையில் இரண்டே பேர் கை தட்டினோம். முன்வரிசைப் பையன் திரும்பிப் பார்த்து, "சார், நீங்க எந்த ஊர்?" என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. சகதர்மிணி என்னைப் பார்த்தாள், சொல்லிக் காட்டவில்லை. அவளுடைய பெருந்தன்மை.

இரவு சியால்கோட்டுக்குப் போன் செய்தேன். "உங்கள் இடத்தில் ஓமான் ஆடிற்று" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பரவாயில்லை டாக்டர் சாப். அதுவும் நம் ஊர் அணிதானே" என்றார். பிறகு, "எத்தனை கோல்?" என்று கேட்டார். சொன்னேன். "பதினேழா! எங்கள் பையன்கள் வந்திருந்தால் இப்படி விட்டிருப்பார்களா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இந்தியா அந்தப் போட்டியில் வெண்கலம் வாங்கியது. அதற்கும் ஒரு செய்தி வந்தது: "வாழ்த்துகள். மதுரைக் கணக்கும் செல்லாது."

வாசக அன்பர்களுக்கு டாக்டர் என்ற முறையில் ஒரே ஒரு வார்த்தை. கரீஃப் சாரலில் வழுக்குகிற தரையில் ஓடாதீர்கள். கணுக்கால் சுளுக்கோடு வருகிறவர்கள் ஆகஸ்டில் அதிகம். ஐம்பதைத் தாண்டியவர்கள் இறுதி ஆட்டம் பார்க்கும்போது, நாடி பார்க்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் எதிரணிக்காரராக இருந்தாலும் பாதகமில்லை.

நான்காவது இளநீர் இன்னும் பாக்கிதான். என்றைக்காவது அவர் சலாலா வந்து இறங்கினால், விலையை நானே கொடுத்துவிடத் தயார். ஆனால் ஷூட் அவுட்டில் 2–0 என்பதை மட்டும் அவர் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும்.