வெள்ளி ஏன் சிரிப்பதில்லை?

‘வெண்கலம் வாங்கியவர் பூரித்துப் போகிறார், வெள்ளி வாங்கியவர் வாடி நிற்கிறார். இது தாழ்வு மனப்பான்மையா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

அவர் கண்டது உண்மைதான், அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸில் இவ்விரு பதக்கக்காரர்களின் காட்சிகளை அமெரிக்க உளவியலாளர் விக்டோரியா மெட்வெக்கும் இரண்டு சக ஆய்வாளர்களும் ஒலியில்லாமல் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். முடிவு தெரிந்த கணத்தில் முகத்தில் எவ்வளவு மகிழ்ச்சி என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். வெள்ளிக்குச் சராசரி 4.8. வெண்கலத்துக்கு 7.1!

நடந்ததை மனம் தனியாக எடைபோடுவதில்லை. மயிரிழையில் நடக்காமல் போனதைப் பக்கத்தில் வைத்துத்தான் எடைபோடுகிறது. எனக்குச் சலிக்காத இடம் இதுதான். நம் பள்ளிகளில் 35 எடுத்துத் தப்பித்த பையனைப் பாருங்கள். ‘ஜஸ்ட் பாஸ்’ என்று தெருவெல்லாம் மிட்டாய் கொடுப்பான். ஒரே மதிப்பெண்ணில் முதலிடத்தைக் கோட்டைவிட்ட பெண் சாப்பிடாமல் படுத்திருப்பாள். அவள் அம்மா கேசரி கிண்டியிருப்பார், மாமா பேனா வாங்கி வந்திருப்பார். அவள் கண்ணுக்கோ அந்த ஒரு மதிப்பெண்தான் தெரியும். பையனுக்குப் பக்கத்துக் கோடு ஃபெயில், அவளுக்குப் பக்கத்துக் கோடு முதலிடம். வெண்கலக்காரர் கீழே பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். வெள்ளிக்காரரின் கண் மேலேயே நிற்கிறது.

வாசகர் கேட்ட தாழ்வு மனப்பான்மைக்கு வரலாறு வேண்டுமென்றால் சுருக்கமாக: தாழ்வுணர்ச்சியை உளவியலின் நடுவே கொண்டுவந்தவர் வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரட் அட்லர். அது எல்லோருக்கும் உண்டு, மனிதனை முன்னே தள்ளுவதே அதுதான் என்பது அவர் கருத்து. இன்று வாடிய முகத்தையெல்லாம் நோயாக்கி, மாற்றித் தருவதாக வகுப்பு நடத்துகிறார்கள். நம்பாதீர்கள்.

‘வெள்ளியைவிட வெண்கலமே மேல்’ என்று இந்த ஆய்வை ஊதிப் பெருக்குவதும் தவறு. ஜூடோவில் வெள்ளிக்காரர் கடைசிப் போட்டியில் தோற்றவர், வெண்கலக்காரர் வென்றவர். முகம் அதையும்தானே காட்டும்? எதிர்பார்த்து வந்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியே முக்கியம் என்று பிற்பாடு வாதிட்டவர்களும் உண்டு. அதை மறுக்க எனக்கு மனமில்லை.

ரசிகர் கதை வேறு. மைதானத்தில் இறங்காதவருக்கு ஒரு வசதி: தோற்றால் விலகிக்கொள்ளலாம். 1976-ல் உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழு வெளியிட்ட ஆய்வில், கல்லூரி அணி வென்ற வார இறுதிக்குப் பிந்தைய திங்கட்கிழமைகளில் கல்லூரிப் பெயர் பொறித்த சட்டைகள் கூடுதலாகத் தென்பட்டன. வெற்றியைச் சொல்லும்போது ‘நாம்’ என்பதும், தோல்வியைச் சொல்லும்போது ‘அவர்கள்’ என்பதும் அதிகம். ‘ஜெயிச்சுட்டோம்’, ‘சொதப்பிட்டானுங்க’ என்று நம் டீக்கடையில் கேட்பதும் இதுவே.

வீரருக்கு அந்த ‘அவர்கள்’ இல்லை. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸ், 400 மீட்டர் தடை ஓட்டம்: பி.டி. உஷா 55.42 விநாடி, நான்காம் இடம். மூன்றாவதாக வந்தவர் 55.41. உஷாவின் அந்த நேரத்தைத் தொட இன்னொரு இந்தியப் பெண்ணுக்கு 39 ஆண்டுகள் ஆயின. 2023 ஆசியப் போட்டியின் தகுதிச் சுற்றில் அதே 55.42-ல் ஓடினார் கோவையின் வித்யா ராம்ராஜ். இறுதிச் சுற்றில் அவர் எடுத்த நேரம் 55.68. அதற்கு வெண்கலம் கிடைத்தது.